புயலைக் கட்டும் கயிறு

"சுண்டல் விக்கிற அழகம்மா மேல ஆத்தா வந்திருக்காம் சார்! புயலைக் கட்டப் போறாளாம். கொள்ளிடக்கரை சனம் பூரா அவ வாசல்லதான் நிக்குது!"

ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் இதைக் கேட்டதும் இன்னாசிராஜ் வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறியது.

இருக்காதா பின்னே? போன மாசம்தான் அதே கரையில், 'புயலை மனிதன் தடுக்க முடியுமா?' என்று ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருந்தார். அமெரிக்காக்காரன் விமானத்தில் போய்ப் புயல் மேகத்துக்குள் மருந்து தூவிப் பார்க்கிறான், இன்னும் ஒன்றும் நிச்சயமில்லை என்று படம் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மீதிப் பேர் எழுந்தே போனார்கள். கடைசி ஐந்து நிமிஷம் பேசியதைக் கேட்க அங்கே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று ராத்திரி புயல் கரையேறி இந்தப் பக்கமாகத்தான் வரும் என்கிறது ரேடியோ. காலையிலிருந்து தண்டோரா போட்டும் ஒரு குடிசைக்காரனும் நகரவில்லை.

"இவளை நம்பி உட்கார்ந்தா நாப்பது குடும்பமும் அடியோட போயிடுமே! இன்னிக்கு இவ வேஷத்தைக் கலைக்காம விடறதில்லை" என்று சைக்கிளை மிதித்தார்.

அங்கே அழகம்மா, தலைவிரி கோலமாக, கையில் வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கொரு கயிறு கொண்டாந்தீங்களாடா?"

"கொண்டாந்தோம் தாயே!"

"கூரை மேல குறுக்கக் கட்டு! ரெண்டு நுனியிலயும் கல்லைத் தொங்க விடு! அதான் எனக்குக் காப்பு!"

"சரி தாயே!"

"மாட்டை இப்பவே அவுத்து விடு! கட்டிப் போட்ட மாடு எனக்கு ஆகாது. பொழுது சாயறதுக்குள்ள புள்ளகுட்டியோட மேட்டுக் கல் மண்டபத்துக்கு வந்து சேரு!"

வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். வாயைத் திறக்கப் போனவர், அவளுடைய அடுத்த வார்த்தையைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நடுவுல காத்து சட்டுன்னு ஓஞ்சு போகும். வெளியே வந்துடாதே! அது நான் மூச்சு வாங்கற நேரம். மறுபடி எதிர்ப்பக்கமா இருந்து வீசுவேன்!"

புயலின் கண்! இந்தக் கரையில் யார் இவளுக்கு இதைச் சொல்லியிருக்க முடியும்?

சனங்கள் கயிறும் கல்லுமாகக் கலைந்து ஓடினார்கள். அழகம்மா மூச்சிரைக்கக் கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் யார் உனக்குச் சொன்னது?"

அவள் தலை குனிந்தாள்.

"நீங்கதான் சார். அன்னிக்குக் கடைசியில சொன்னீங்களே. பின்னாடி சுண்டல் கூடையோட உக்காந்திருந்தேன்."

அவள் கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தாள்.

"அம்பத்திரெண்டாம் வருசத்துப் புயல்ல, காத்து நின்னுடுச்சேன்னு எம்புருசன் மாட்டை அவுக்கப் போனாரு. திரும்பி வரலை. நின்ன காத்து எப்படி சார் மறுபடி வந்துச்சுன்னு இத்தனை வருசமா எனக்குத் தெரியலை. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

"அதை இவங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! வாத்தியார் சொன்னார்னேன், சிரிச்சாங்க. ரேடியோவுல சொல்றாங்கன்னேன், போடின்னாங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஆத்தா பேர்ல பொய் சொல்லிட்டேன் சார். அந்தப் பாவம் என்னோட போகட்டும்."

அப்போது கூலிக்காரப் பிச்சை எதிரே வந்து நின்றான். கையில் கயிறு இல்லை.

"வாத்தியாரய்யா! நீங்க படிச்சவரு. அதுவும் வேதக்காரரு, எங்க சாமிக்காகப் பொய் பேச மாட்டீங்க. நீங்களே சொல்லுங்க. இவ மேல ஆத்தா வந்தது நெசமா, வேசமா? வேசம்னா நான் எங்கயும் வரலை. எங்குடும்பம் குடிசையிலயே இருந்துக்கும்."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அழகம்மா வாத்தியாரையே பார்த்தாள்.

இன்னாசிராஜ் வாத்தியார் சட்டைக்குள் கிடந்த சிலுவையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு கல்லைத் தூக்கிப் பிச்சையின் கையில் வைத்தார்.

"நெசம்தாம்ப்பா. ஆத்தா சொன்னா சொன்னதுதான். கிளம்பு."