மாதிரிச் சீருடை

செக்யூரிட்டி கம்பெனி தொடங்க லைசென்ஸ் கேட்டிருந்த தணிகாசலத்தின் அலுவலகப் பூட்டை முந்தாநாள் யாரோ உடைத்து, மாதிரிக்குத் தைத்து வைத்திருந்த ஒரே சீருடையைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தன் வாசலையே காக்கத் துப்பில்லாதவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்?

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்ததுமே, “யூனிஃபார்ம் எங்கய்யா? போலீஸ் உடுப்பு மாதிரி இருக்கக் கூடாது, பாக்கணும்” என்றார்.

“டெய்லர்கிட்ட…” என்று தணிகாசலம் இழுப்பதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதே சீருடையில் ஒருவன் வந்து நின்று விறைப்பாக சல்யூட் அடித்தான்.

“பரவால்லையே, ஆளையே நிறுத்திட்டியே!” என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார். தணிகாசலம் அவனை முன்பின் பார்த்ததில்லை.

ஜீப் தெருமுனை திரும்பியதும் அவன் கையை நீட்டினான்.

“புதுப் பூட்டோட சாவியக் குடுங்க முதலாளி. இனிமே நான் பாத்துக்கறேன்.”