தண்ணீர் வராத வீடு

நாலு கால் உண்டு, நடக்காது. சோறு தின்னாது, ஆனாலும் மழைக்காலம் வந்தால் உயரமாகிவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கொல்கத்தாவில் தரைத்தளத்து வீட்டில் குடியிருந்தவர் யோசிக்கவே மாட்டார். கட்டில் என்று சொல்லிவிடுவார். மழை கொட்டினால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்பார்கள். கட்டில் உயரும்.

பெஹாலாவில் மதுவின் வீட்டுக் கட்டிலுக்கும் செங்கல் இருந்தது, போன வாரம் வரை.

இப்போது தை மாதம். தெருவில் புழுதி பறக்கிறது. வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்பா சிவராம் செங்கல்லையெல்லாம் உருவிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். சுவரில் தண்ணீர் ஏறின கறை தெரியாமல் புதுப் பெயிண்டும் அடித்தாயிற்று.

"யார் கேட்டாலும் இங்கே தண்ணி வராது. புரிஞ்சுதா?" என்று அம்மா ரோஹிணி மதுவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

மதுவுக்குப் புரிந்தது. டாக்குரியாவில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு பேசியிருந்தார்கள். இந்த வீடு விலைபோனால்தான் அது கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அங்கே எந்த ஜன்னலோரம் தன் மேஜையைப் போடுவது என்றுகூட மது முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வீடு பார்க்க பர்ணாலி சர்க்கார் வந்தார். தலை நரைத்த வங்காளி அம்மாள். தன் கணவருக்கு மாடி ஏற முடியாது, அதனால் தரைத்தளம்தான் வேண்டும் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பெயிண்ட்டை முகர்ந்தும் பார்த்தார்.

வங்காளிகள் வந்தால் அம்மாவும் அப்பாவும் ரகசியத்தைத் தமிழில் பேசிக்கொள்வார்கள். முகம் மட்டும் வந்தவர் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. பூட்டுப் போட்ட மாதிரி பத்திரமான பாஷை.

"போலீஸ் நாய் தோத்துது போ," என்றார் அப்பா, சிரித்த முகத்தோடு.

"டீ கொண்டு வரேன். பிஸ்கட்டைக் கண்டா மோப்பம் நின்னுடும்," என்றாள் அம்மா, அதைவிடச் சிரித்த முகத்தோடு.

பர்ணாலி மாஷி (வயதான பெண்களைச் சித்தி முறை வைத்து அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) டீயை வாங்கிக்கொண்டார். பிஸ்கட் வேண்டாம் என்றார்.

பிறகு குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் செங்கல் வைக்காத கட்டிலைப் பார்த்ததே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். மதுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் வருமா என்று வங்காள மொழியில் கேட்டார்.

"வராதுன்னு சொல்லுடி செல்லம்," என்றாள் அம்மா தமிழில், தாலாட்டுகிற குரலில்.

மது டாக்குரியா ஜன்னலை நினைத்துக்கொண்டாள். மாடி ஏற முடியாத அந்தத் தாத்தாவையும் நினைத்துக்கொண்டாள்.

"வரும் மாஷி. என் முழங்கால் வரைக்கும்," என்றாள் வங்காளத்தில்.

அப்பா பல்லைக் கடித்தார். "போச்சு. டாக்குரியா போச்சு. இவளை உள்ளே வெச்சுப் பூட்டியிருக்கணும்."

அம்மாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ. நடக்க முடியாத மனுஷரைத் தண்ணிக்குள்ள படுக்கவைக்கப் பார்த்தோமே, நமக்கு வெட்கமா இல்லையா? வீடு போனா போகட்டும்."

பிறகு வங்காளத்துக்கு மாறி, மாஷியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் முதலில் குளியலறைச் சாக்கடை வழியாகத்தான் எதிர்த்து வரும், பின் அறை கடைசியில்தான் நனையும், சுவிட்சையெல்லாம் மேலே ஏற்றிவிட வேண்டும் என்று விளக்கினாள். மீட்டர் பெட்டியைச் சொல்ல மறந்துவிட்டாயே என்று நடுவில் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

மாஷி பொறுமையாகக் கேட்டார். இதுவரை பார்த்த எல்லா வீட்டிலும் தண்ணீரே வராது என்றுதான் சொன்னார்களாம். எங்கே வரும், எவ்வளவு வரும் என்று தெரிந்தால் தரையை உயர்த்திக்கொள்ளலாம். இந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொன்னார். அப்பா ஒப்புக்கொண்டார். சாயங்காலமே தம்பியோடு வந்து அட்வான்ஸ் தருவதாகச் சொல்லி எழுந்தார் மாஷி. செங்கல் எங்காவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மது கேட் வரைக்கும் கூடப் போனாள். மாஷி குனிந்து அவள் காதருகே சொன்னார்:

"அப்பாவை உங்கம்மா அதட்டினாங்க பாரு, அப்பவே வாங்கிடலாம்னு முடிவு பண்ட்டேன் கண்ணு. அந்த பிஸ்கட் பேச்சுக்குத்தான் கொஞ்சம் கோவம்."

மது திகைத்து நின்றாள். வீட்டில் பேசுகிற தமிழ் இல்லை. ஆனாலும் தமிழ்.

வைத்தியத்துக்காகக் கணவரை வேலூருக்கு அழைத்துப் போனவராம் மாஷி. மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கிச் சமைத்துப் போட்டு, காய்கறிக்காரிகளோடு பேரம் பேசிப் பேசியே பாஷை வந்துவிட்டதாம்.

"அம்மாவாண்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்," என்று மதுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு ரிக்ஷாவில் ஏறினார்.

மது உள்ளே வந்தாள். அம்மா டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் உன்னைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். பாவம், இந்த மாஷிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நம் மானம் என்ன ஆகியிருக்கும் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அப்புறம், கேட் பக்கத்தில் மாஷி குனிந்து உன்னிடம் என்ன சொன்னார் என்று விசாரித்தாள்.

டாட்டா சொன்னதாக மது சொன்னாள்.