ஏகாம்பரத்தின் பெட்டி

தோணிரேவு கலைப் பள்ளியின் முதல் ஆண்டு விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. நாடகத்தில் ராணியாக நடிக்க ஊரில் சம்மதித்த ஒரே பெண் சம்பூர்ணம். ஒத்திகை நேரத்தில் அவள் புருஷன் ஏகாம்பரம் தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும், வாத்தியார் பரந்தாமன் ஒத்திகையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"என் பொண்டாட்டி மேடை ஏறக் கூடாது சார்."

"எழுபத்தெட்டாம் வருஷத்துல வந்து இப்படிப் பேசறீங்களே!"

"எந்த வருசமா இருந்தா இன்னா சார்? வலை இழுக்கற எடத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

பெட்டியை 'டம்'மென்று தரையில் வைத்தார். மூடியின் இடுக்கில் சேலைத் தலைப்பு தெரிந்தது.

பரந்தாமன் பதறிப்போனார். "ஒரு நாடகத்துக்காக அவங்க துணிமணியைக் கட்டி வீட்டை விட்டே துரத்துவீங்களா?"

"என் துணியா?" உள்ளேயிருந்து சம்பூர்ணம் சிரித்தாள். "அந்தப் பொட்டியைத் தொட்டா என் கையை ஒடிச்சிடும் சார் இந்த ஆளு!"

ஏகாம்பரம் பெட்டியைத் திறந்தார். ஜரிகைச் சேலை, சவுரிமுடி, ஒட்டியாணம்.

"பன்னெண்டு வருசமா இந்த ஊரு கூத்துல ராணி வேசம் என்னுது சார். இப்ப இவளாம்! பொம்பள மாரி நடக்கத் தெரியுமா இவளுக்கு?"

பரந்தாமன் யோசித்தார். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு ஓடும் சம்பூர்ணத்தின் நடை, மூன்று வாரமாக அவருக்கும் தலைவலிதான்.

அன்றே பள்ளிப் பதிவேட்டில் இரண்டாவது ஆசிரியரின் பெயர் ஏறியது: ஏகாம்பரம், பெண் வேஷப் பயிற்சி.

"நல்லா பாத்துக்கோடி," என்று லுங்கியைக் கொசுவம் பிடித்து நடந்து காட்டினார் ஏகாம்பரம். "பொம்பளைன்னா இப்டித்தான் நடக்கணும்."