திரும்பி வந்த திருத்தம்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுத் தோசைக் கடையில் உட்கார்ந்து மிதுனன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணினி மொழிக்காக ஒரு வாரம் உழைத்து அவர் அனுப்பிய திருத்தம் திரும்பி வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து வளர்க்கக்கூடிய மொழி அது. ஆனால் இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் எதுவும் உள்ளே போகும்.

“என்ன குறையாம்?” என்றாள் மனைவி சிவதர்ஷினி.

“டெஸ்ட் பண்ணாம அனுப்பிட்டேனாம். புதுசா வர்றவங்களுக்கு நான் எழுதினது புரியாதாம். தாரணின்னு ஒரு பாலிடெக்னிக் பொண்ணு சொல்றா. இப்பத்தான் சேர்ந்தா.”

“நேத்து வந்தவ சொல்றதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கீங்களா? மத்தவங்ககிட்ட கேளுங்க லா!”

“கேட்டேன். எல்லாரும் அவ பக்கம்தான்.”

சிவதர்ஷினிக்குப் பொறுக்கவில்லை. “அந்த மொழியை உருவாக்கினதே நீங்கதான்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும். இத்தனை வருஷமா நான் எதை அனுப்பினாலும் எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு அப்புறம் இது என்ன ஆகுமோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

மிதுனன் நிமிர்ந்தார். முகமெல்லாம் பெருமை.

“இன்னைக்குத்தான் என்கிட்டயே ‘வேணாம்’னு சொல்ல ஒருத்தி வந்திருக்கா. இன்னொரு மசால் தோசை சொல்லு, கொண்டாடணும்!”