விண்ணப்பத்தில் ஒரு பொய்

"இது உங்க ரெண்டு பேர் கையெழுத்துதானே?"

வங்கி அதிகாரி தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினார். லிஃப்ட் மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். சந்தேகமே இல்லை, அவர் கையெழுத்தேதான். அதற்குக் கீழே டிரைவிங் டீச்சரின் கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு கிடந்தது.

"எங்களோடதுதான் சார். ஆனா கிரெடிட் கார்டுக்குன்னு சொல்லி வாங்கல. சாப்பாட்டு டோக்கனுக்குன்னு சொல்லி அடையாள அட்டை நகலையும் வாங்கிக்கிட்டாங்க."

"சாப்பாட்டு டோக்கனுக்கு யாராவது நாலு இடத்துல கையெழுத்துப் போடுவாங்களா?"

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்று டீச்சர் பிடித்துக்கொண்டார். பயிற்சிக் காரில் நாள் முழுக்க 'பிரேக், பிரேக்' என்று கத்திப் பழகிய குரல். "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்கன்னேன். இவரு எங்க கேட்டாரு? சாப்பாடு ஆறிடும்னு அவசரம்."

"நீங்களும்தானே போட்டீங்க?" என்றார் மெக்கானிக்.

"நீங்க போட்டுட்டீங்களேன்னு போட்டேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுலயும் தினம் இதே பாட்டுதான். ஆனா ஒண்ணு சார், நீங்க வீட்டம்மாவை நீங்க, வாங்கன்னு மரியாதையாப் பேசறீங்க. நானும் அப்படிப் பேசியிருந்தா பாதி சண்டை குறைஞ்சிருக்கும்."

மெக்கானிக் மேசையில் சும்மா இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு ஹோட்டலில் கூட்டம். கடற்கரை விடுதி ஒன்றில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்ளும் உரிமையைப் பதினைந்து வருஷத்துக்கு விற்கிறார்களாம். வந்து உட்கார்ந்து கேட்டாலே போதும், மதியச் சாப்பாடும் ஒரு மிக்சியும் இலவசம் என்று நோட்டீஸ். ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு நாலு மணி நேரம் அறுத்துத் தள்ளினார்கள். டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தேன் ஒழுகப் பேசினான்.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்தா நேத்துக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரியே இருக்கீங்க," என்றான்.

அதைக் கேட்டு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று மெக்கானிக் பார்க்கவில்லை. ஐம்பது வயதில் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? சாப்பாடு ஆறிடும் என்பது அவர் சும்மா சொன்ன சாக்கு.

விடுதியே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். மூன்று வாரம் கழித்து, யாரும் கேட்காத கிரெடிட் கார்டு தபாலில் வந்து நின்றது. விடுதிக்கான மொத்தத் தொகையையும் அதில் ஏற்கெனவே உருவியிருந்தார்கள்.

"சார், என்னை விடுங்க," என்றார் மெக்கானிக். "இவங்க சொந்தமா டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறாங்க. கார் வாங்க லோன் கேட்டிருக்காங்க, நாளைக்குக் காலையில முடிவு சொல்லுவாங்க. இந்தக் கடன் இவங்க பேர்ல நின்னா லோன் கிடைக்காது. பன்னிரண்டு வருஷமா அடுத்தவங்க கார்லயே சொல்லிக் கொடுத்துட்டிருக்காங்க. வேணும்னா மொத்தக் கடனையும் என் பேர்ல எழுதிக்குங்க."

டீச்சர் சட்டென்று திரும்பினார். "என்ன பேசறீங்க நீங்க? பேசாம இருங்க." குரல் அதட்டலாகத்தான் வந்தது. கண் மட்டும் கலங்கிவிட்டது.

அதிகாரி தாடையைத் தடவினார். "கையெழுத்து நிஜம். அடையாள அட்டை நகல் நிஜம். ஏமாத்தி வாங்கினாங்கன்னு புகார் கொடுத்தா விசாரிச்சு முடிக்க ரெண்டு மாசம் ஆகும். இன்னிக்கே ரத்து பண்ணணும்னா ஒரே வழிதான் இருக்கு. இதை நிரப்பினது அந்த விடுதி ஆள்தானே? ஒரு விவரமாவது பொய்னு காட்டுங்க. பொய் இருந்தா விண்ணப்பமே செல்லாது, எங்க விதி அது."

டீச்சர் வரி வரியாகப் படித்தார். பிறந்த தேதி சரி. வேலை சரி. போன் நம்பர் சரி. படுபாவி, ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதியிருந்தான்.

ஆனால் பொய் ஒன்று இருக்கத்தான் செய்தது. மெக்கானிக்கின் கண்ணில் அது முதலிலேயே பட்டுவிட்டது. சொன்னால் டீச்சருக்குக் கார் கிடைக்கும். சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இப்படி ஒரு அதிகாரி முன்னால், முத்திரை குத்தி, அதைப் பொய்யென்று ஆக்கிவிட வேண்டுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டீச்சர் இரண்டாவது முறையாக முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. தாளின் நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி எட்டிப் பார்த்துப் படித்தார். "உறவுமுறை, கணவன் மனைவி. இதுல என்ன சார் பொய்?"

"அதேதான் சார் பொய்," என்றார் டீச்சர். "தம்பதியா வந்தாத்தான் உள்ள விடுவோம்னு வாசல்லயே மறிச்சுட்டாங்க. தனியா வந்த நானும் தனியா நின்ன இவரும் அந்த நிமிஷம் ஜோடி சேர்ந்துக்கிட்டோம். அதுக்கு முன்னாடி இவரை நான் பார்த்ததுகூட இல்ல. கிடைச்ச ஒரு மிக்சியை ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டிருக்கோம்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரத்து முத்திரையைக் கையில் எடுத்தார்.

"சீக்கிரம் ரத்து பண்ணிடுங்க சார்," என்றார் டீச்சர், மெக்கானிக் பக்கம் திரும்பாமலே. "இந்த மனுஷன் மட்டும் வாயைத் திறந்து கேட்டுட்டாருன்னா, அப்புறம் அது பொய்யா இருக்காது."