ஐந்தாவது ஊசி

பேனாவைத் திறந்துவிட்டாள். எழுதவில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு மடியில் கனத்தது. அதன்மேல் ஒரு அட்டை. அட்டையின்மேல் அந்தத் தாள்.

கதவருகே ஆராய்ச்சி நிலையத்துப் பெண் நின்றிருந்தாள். மண்டபத்துக்கு வந்தவள் ஒரு வாய் டிபன் சாப்பிட்டிருக்கலாம். வேண்டாம் என்றுவிட்டாள். சம்மதக் கையெழுத்துக் கிடைத்தால் போதுமாம்.

மணமகள் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். பூ வைத்துவிடுகிற சாக்கு.

பூ எப்போதோ வைத்தாகிவிட்டது.

விஷயம் எங்கள் அடுக்ககம் முழுக்கத் தெரிந்ததுதான். அவள் கணவருக்கு வயதைப் பின்னுக்குத் தள்ளுகிற ஊசி. ஆறு மாதத்துக்கு ஒன்று. நாலு போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் மனைவி சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நாளாக அந்தப் பெண் போன் செய்தாள். இவள் எடுக்கவில்லை. அதனால் மண்டபத்துக்கே வந்துவிட்டாள்.

இன்றுதான் கடைசி நாள்.

தவறினால் அவர் இடம் வரிசையில் அடுத்த ஆளுக்கு. அவருக்கோ, விட்ட வயதெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிடும்.

இதைப் பற்றி எங்கள் அடுக்ககத்தில் பேசாத வாய் கிடையாது. இயற்கைக்கு விரோதம் என்றார் சங்கச் செயலாளர் சென்னியப்பன். எமனோடு என்ன விளையாட்டு என்றாள் மூன்றாம் மாடி ரங்கநாயகி. பெரியவர்கள் நகராவிட்டால் பிள்ளைகளுக்கு வேலை ஏது, வீடு ஏது என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் முழ நீளத்துக்கு எழுதினார். எல்லோரும் கைகூப்பினோம்.

கைகூப்பியவர்களில் ஒன்பது பேர் அதே ஊசிக்கு ரகசியமாக மனுப் போட்டிருந்தோம்.

ஒன்பது வீட்டுக்கும் ஒரே மாதிரி உறை வந்தது. காத்திருக்கவும் என்று. தபால்காரர் சொல்லித்தான் ஒருவர் சேதி மற்றவருக்குத் தெரியும். அறையில் இருந்த நாலு பேரும் அந்த ஒன்பதில் அடக்கம்.

உடம்புக்கு முப்பத்தெட்டு என்று டாக்டரே எழுதிக் கொடுத்த ஆளுக்கு அறுபதாம் கல்யாணம் செல்லுமா என்று பங்காளிகள் கிளப்பினார்கள். ஜாதகம்தான் கணக்கு, ரத்தப் பரிசோதனை கணக்கில்லை என்று ஐயர் அடக்கினார்.

முதலில் ஆசைப்பட்டதே அவள்தான்.

பேப்பரில் பார்த்து, இரண்டு படிவம் வாங்கிவந்தாள். நான் என்ன எலியா என்று அவர் கத்தினார். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போனாள். அவளுக்குச் சர்க்கரை. கழித்துவிட்டார்கள்.

அவரை எடுத்துக்கொண்டார்கள்.

முடி கருத்தது. பொறுத்துக்கொண்டாள். நாலு மாடியும் படியேறி வந்தார். அதையும் பொறுத்தாள். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழுகிறாரே, அப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ரவிக்கைக்குக் கொக்கி தைக்க அவள் நூலோடு மல்லுக்கட்டினால், அவர் வாங்கி, கண்ணாடி போடாமலே கோர்த்து நீட்டுவார்.

பரிவாகத்தான் நீட்டுவார். அது இன்னும் மோசம்.

எங்கள் நாலு பேரில் தெய்வானைக்கு வாய் சும்மா இருக்காது.

"போட்டுக் குடுத்துருங்கக்கா. நேத்து லிஃப்ட்டுல என்னையவே அக்கான்னுட்டாரு. இன்னொண்ணு போட்டா அத்தைம்பாரு, அதையும் கேட்டுட்டுப் போறேன்."

சிரித்தோம். அவளும் சிரித்தாள். பல் மட்டும்.

கதவு திறந்தது.

அவர். பட்டு வேட்டி, சந்தனம், மாலை போடாத கழுத்து. முகூர்த்தத்துக்கு நேரமாயிற்று என்று சொல்ல வந்தவர். பின்னாலேயே வீடியோக்காரர் தலையை நீட்டினார்.

"தம்பி, அம்மாவக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்துருங்க. அப்பா எங்கீங்க, மேடைக்குப் போயிட்டாருங்களா?"

நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தோம். சொல்லிவிடுவார் என்று.

அவர் சிரித்தார். கண்ணோரத்தில் ஒரு கோடு விழவில்லை.

"வந்துருவாருங்க" என்றார்.

கண்ணாடியில் ஒருதரம் தலையைச் சரிசெய்துகொண்டார். வீடியோக்காரரின் தோளில் கைபோட்டபடி வெளியே போனார். நடையில் ஒரு துள்ளல்.

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

பெயர். கதவு எண். தேதி.

விவரம் ஒன்று பொருந்தாவிட்டாலும் படிவத்தைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து எழுதுங்கள் என்றாள் அந்தப் பெண். அவள் தலையாட்டினாள்.

பங்கேற்பவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம்.

தாய், என்று எழுதினாள்.

பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. குண்டு குண்டாக, அவசரமில்லாமல்.

கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள்.

பெண் வாங்கினாள். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். உறையில் போட்டு ஒட்டினாள்.

"ஹேப்பி வெடிங் ஆன்ட்டி."

மேளம் கூடியது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் கை கொடுக்க விடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள். புதுப் பெண் மாதிரிதான் நடந்தாள், சொல்லக்கூடாது.

பின்னால் நின்ற நாலு பேரும் அந்தக் கட்டத்தைப் படித்திருந்தோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தெய்வானைதான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் செருப்பைத் தேடி எடுத்து வைத்தாள். ஆட்டோவையும் அவளே கைதட்டி நிறுத்தினாள்.

"வெயில் ஏறதுக்குள்ள போயிச் சேர்ந்துரு கண்ணு. கவர் பத்திரம்."