கேட்கும் உரிமை

பெற்றார் உரிமைச் சட்டம் வரப்போகிறதென்று கேள்விப்பட்டதிலிருந்து றஜீவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. திங்கட்கிழமை காலையே நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி வரும் நிலாந்தி ரீச்சரை வகுப்பு வாசலில் மறித்தார்.

"வெள்ளிக்கிழமை என்ர மகளின்ர வகுப்புக்கு நீர் ஏன் வரேல்லை?"

"கடல் கொந்தளிப்பு. படகு ஓடேல்லை, அண்ணை."

"சாட்டுச் சொல்லாதையும். கேக்கிறது பெற்றாரின்ர உரிமை. உம்மை வேலையால நிப்பாட்டச் சொல்லி இண்டைக்கே எழுதுறன்."

நிலாந்திக்கு இது புது வேலை, வீட்டில் வேறு வருமானம் இல்லை.

அந்நேரம் றஜீவனின் கைபேசி அலறியது. மறுமுனைக் குரல் அவளுக்கும் கேட்டது.

"றஜீவன் சேர், வேலணைப் பள்ளிக்கூட அதிபர் கதைக்கிறன். இங்க உங்கட வகுப்புப் பிள்ளையள் சும்மா இருக்கினம். சேர் ஏன் வரேல்லையெண்டு தாய் தகப்பன் வந்து நிக்கினம்."

றஜீவன் சேருக்கு முகம் சிவந்தது.

"என்னைக் கேள்வி கேக்க அவையள் ஆர்?"